மூணேகால் ஏக்கர்

வாய்க்கால் தண்ணீரை நிறுத்திப் பதினாறு நாளாகிறது.
மேட்டுத் தோட்டங்களில் புழுதி.
என் பள்ளத்தில் இன்னும்
கால் வைத்தால் கெண்டைக்கால் வரை.

அறச்சலூர் தாண்டி ஓடைக்கு இறங்கும் சரிவில்
எல்லாருடைய நிலமும் முடிகிற இடத்தில்
என் நிலம் தொடங்குகிறது.
பத்திரத்தில் 'நஞ்சை, முதல் தரம்' என்றிருக்கிறது.
எழுதியவர் பங்குனியில் வந்து பார்த்திருப்பார்.

மண் பரிசோதனைக்கு வந்த ஹேமலதா
துளைக் கம்பியைத் திருகித் திருகி இறக்கினாள்.
ஒரு முழம் வரைக்கும் கறுப்பு.
அதன்கீழ் எருமைக் கொம்பின் சாம்பல்,
இன்னும் கீழே நீலம்.
நீலத்துக்குள் துரு:
செத்த நெல்வேர் போன தடமெல்லாம்
செம்பு நரம்பாக ஓடியிருந்தது.
"வேர் போன வழியாத்தானுங்க அக்கா
இதுக்குக் கொஞ்சம் காத்துக் கிடைச்சிருக்கு."
உருட்டினாள், கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடாவாக்கினாள்;
விரல் நீளத்துக்கு ஒடியாமல் தொங்கியது.
மோந்து பார்க்கச் சொன்னாள்.
கூமுட்டை.
குழியை மூடுவதற்குள் அடியிலிருந்து தண்ணீர் ஏறி
எங்கள் இரண்டு முகத்தையும் காட்டியது.

இதே மண்தான் பங்குனியில் பிளக்கும்.
வெடிப்பில் மண்வெட்டிக் காம்பை விட்டால்
நுனி மட்டும் வெளியே நிற்கும்.
போன வருஷம் என் சாவிக்கொத்து விழுந்தது.
கம்பியும் காந்தமும் கொண்டுவருவதற்குள் மழை;
மண் வாயை மூடிக்கொண்டது.
எங்கள் வீட்டுக்கு இன்னொரு சாவி
அந்த நீலத்துக்குள் எங்கோ இருக்கிறது.

மஞ்சள் வைத்தேன் ஒரு தரம்.
தோகை பச்சையாக நிற்க, கீழே கிழங்கு கூழ்.
கடலை போட்டதற்குக் கோரை வந்தது.
ரஞ்சித் கேஜ் வீல் மாட்டாமல் டிராக்டரை இறக்கி
இரண்டாவது டிராக்டரைக் கூப்பிட்டான்.
இரண்டையும் இழுக்க மூன்றாவது வந்தது.
மூன்றுக்கும் வாடகை நான் கொடுத்தேன்.
நெல் மட்டும் எதுவும் கேட்காமல் நிற்கிறது,
தன் மூச்சைத் தன் தண்டுக்குள்ளேயே
வேர் வரை இறக்கிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம்.
வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா.
நடேசண்ணன் எழுந்தார்:
"கசிவுத் தண்ணிதானுங்க நம்ம கிணறுகளுக்கு உசுரு."
கைதட்டல்.
கடைமடையிலிருந்து வந்தவர் எழுந்தார்:
"எல்லாங் கசிஞ்சா எங்களுக்கு எங்கீங்க வரும்?"
அதற்கும் கைதட்டல்.
கசிந்தது எங்கே போய் உட்காருகிறது என்று
யாரும் கேட்கவில்லை.
தூக்குப்போசியைத் திறந்து
நீலக் களியை மேஜைமேல் கவிழ்த்தேன்.
மினிட் புத்தகத்தின் ஓரம் நனைந்தது.
"இதை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"
இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள்.
செயலாளர் பேனாவை மூடினார்.
"ஒரு வடிகால் வெட்டுனா முடிஞ்சுது, துளசிமணி,"
என்றவரின் தென்னந்தோப்பு வடக்கே இருக்கிறது.
வெட்டினால் தண்ணீர் கிழக்கே திரும்பி
நாவிதர் காலனிக்குள்தான் போகும்.
அதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.
சித்திரையில் நடேசண்ணன் கிணறு பாறையைக் காட்டும்போது
என் கிணற்றில் எட்டடி நிற்கும்.
அவர் மாடுகளுக்கு இங்கிருந்துதான்
டேங்கரில் போகிறது.
கையைத் தூக்கச் சொன்னபோது
இரண்டு தரமும் நான் தூக்கவில்லை.

மேஜையைத் துடைத்து, களியை வழித்துப் போசியில் போட்டு
வீட்டுக்கு வந்து அப்படியே வைத்துவிட்டேன்.
காலையில் பார்த்தேன்:
காற்றுப் பட்ட மேல்பக்கம் பழுத்து
விளிம்பில் சிவக்கத் தொடங்கியிருந்தது.
விரலால் கீறினேன்,
உள்ளே இன்னும் நீலம்.
மணி ஆறேகால்.
சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும்
அதே போசிதான்.