பொய்ச் சங்கு

கீழக்கரையில், சங்குக் கிட்டங்கியில்
களவுக்கென்று ஒரு சங்கு மாட்டியது நான்தான்.

உள்ளே மூட்டை மூட்டையாய் இடம்புரி.
வலம்புரி ஒன்று இருப்பதாக
ஜலாலுதீன் மரைக்காயர் சொல்வதில்லை.
இல்லையென்றும் சொல்வதில்லை.
ஆகவே சுவரில்
சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி,
அதற்குள் இரண்டு சாட்சிகள்.

ஒன்று சூட்டைப் பார்க்கும்.
மற்றது அலையை எறிந்துவிட்டு
திரும்பி வருவதைக் கேட்கும்.
இருவர் வாக்கும் ஒத்தால்தான் ஊதும்,
பல்லிக்கு ஊதாது, பூனைக்கு ஊதாது என்று
விரல் மடக்கிச் சொன்னேன் மரைக்காயரிடம்.
கம்பியை வெட்டினாலும் தெரியும்,
முறுக்கிச் சேர்த்தாலும் தெரியும்:
பெட்டியின் வயிற்றுக்குள், கடைசி முனையில்
சிவப்பு சிவப்பு சிவப்பு என
மூன்று வளையம் போட்ட ஒரு மின்தடை,
நெல்மணி பருமன்.
அதன் எண் கூடினாலும் கள்ளம், குறைந்தாலும் கள்ளம்.
மூடியைத் தொட்டால் ஒரு ஸ்பிரிங் எழும்பும்.
பகலில் காவலை அணைத்து வைத்தாலும்
அந்த ஸ்பிரிங்குக்கு மட்டும் லீவு கிடையாது.

எல்லாம் சொன்னேன்.
கச்சானைச் சொல்லவில்லை.

ஆனியில் அது எழுந்து
தகரக் கதவைப் பிடித்து உலுக்கியது;
அலை ஏமாந்தது.
முற்றத்து மணலின் சூட்டை
இடுக்கு வழியாக உள்ளே ஊதியது;
கண்ணும் ஏமாந்தது.
இரண்டு சாட்சி, ஒரே பொய், ஒரே நொடி.

வியாழன் இரவு மட்டும் பத்தொன்பது முறை.
முதல் முறைக்குத் தெருவே கூடியது.
மூன்றாவதற்கு ஒரே ஒரு ஜன்னல்.
அப்புறம் சாத்திக்கொண்டு தூங்கப் பழகிவிட்டார்கள்.
களவாணி ஒருவன் காத்திருந்தால்
அவன் காத்திருந்தது இதற்குத்தான்.

வெள்ளி இரவு, ஒன்று நாற்பது, என் போன் அதிர்ந்தது.
ஆள் நடமாட்டம் என்று சொல்லவில்லை.
கண் மறைக்கப்பட்டது, என்றது.

ஏர்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன்,
காற்று ஒரு பக்கமாகவே தள்ள.
வாட்ச்மேன் பேர் ஊர்க்காவலன்.
பெட்டியின் மேல் அவர் துண்டு,
நனைத்துப் பிழிந்து,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் போடுவதுபோல.

“எத்தன தடவதான் தாயி எந்திரிக்கிறது.
சூடேறித்தான் கத்துதாக்கும்னு நெனச்சேன்.”

முகத்தருகே எது வந்தாலும்
தன் ஒளி தன்மேலேயே வந்து விழும்,
அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும்.
ஈரத்துண்டா, திருடன் ஒட்டிய டேப்பா,
அது அதற்குத் தெரியாது.

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெட்டியைக் கழற்றி
கதவுக்கு மேலேயே, கதவுக்கு முதுகு காட்டி,
மூட்டைகளைப் பார்க்க மாட்டினேன்.
அலையின் வீச்சைச் சுவரோடு நிறுத்தினேன்.
ஒரு துடிப்புக்கே ஊதியதை
மூன்று எண்ணிவிட்டு ஊதச் சொன்னேன்.
இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கச்சானுக்காக உட்கார்ந்திருந்தோம்.
வந்தது. கதவு தடதடத்தது.
பெட்டி வாய் திறக்கவில்லை.
“நடங்க” என்றேன்.
ஊர்க்காவலன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்,
நான்காவது எட்டில் அலறியது.
ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

1.40 கண் மறைப்பு.
2.25 மூடி திறப்பு.
உள்ளே பதிந்த இந்த இரண்டு வரியை
அழிக்க எனக்கே வழி கிடையாது,
அப்படி வைத்தது நான்தான்.

காகித ரிஜிஸ்டரில்
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவை இரண்டு முறை உதறி
கச்சான், என்று எழுதினேன்.