அடிக்குறிப்பு

நிலாவெளிப் பக்கம் முப்பத்தொரு கிணறு.
வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே குனிந்து குனிந்து
ஸுமையா அள்ளிவந்த தண்ணீர்
ஒரு லீற்றர் போத்தல்களில்
நைத்திரேற்று அளக்கக் காத்திருந்தது.

காலை பத்தேகால். குழாயில் தண்ணீர் இல்லை.
எங்கள் வளாகத்தில் அது புதினமல்ல.
அவசரத் தூவியின் சங்கிலியில்
யாரோ மேலங்கி கொழுவியிருந்தோம்.

முகவைக்குள் நிறமில்லாத ஏதோ ஒன்று.
தண்ணீர் என்று நினைத்தால் தண்ணீர்.
மேசை துடைக்க வந்தவள் அதைத் தூக்கினாள்.
விளிம்பால் வழிந்து மணிக்கட்டில் இறங்கியபோது
முதலில் அவள் கத்தவில்லை.
உடைந்துவிடக் கூடாதென்று
முகவையை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.
பிறகுதான் கத்தினாள்,
சிங்களத்தில்.

குழாயைத் திருகினேன். காற்று இருமியது.
நான் அப்படியே நின்றேன்.
ஸுமையா நிற்கவில்லை.
முதலாம் கிணற்றைத் திறந்து ஊற்றினாள்.
இரண்டாம் கிணறு. ஐந்தாம் கிணறு.
கோபாலபுரம், இக்பால் நகர், இறக்கக்கண்டி,
மூன்று கிழமை வெயில்
ஒரு கையின் மேல் ஓடி நிலத்தில் பரந்தது.
பத்தொன்பதாம் போத்தலில்
எரிவு குறையுதா என்று கேட்டாள், அரைகுறைச் சிங்களத்தில்.
இருபத்தாறில் ஓட்டோ வந்தது.

விபத்துப் பதிவேட்டை எடுத்துத் தூசு தட்டினேன்.
முதல் நிரல்: பெயர்.
நாலு வருடமாக அவள் எனக்கு "அக்கே".
லாபுக்குள் குடிக்கக் கூடாத என் தேநீரின் வட்டங்களை
நாலு வருடமாக அவள்தான் துடைத்தாள்.
ஆஸ்பத்திரியிலிருந்து ஸுமையா
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன்:
ஹேரத் முதியன்சலாகே கருணாவதி, கந்தளாய்.
கட்டத்துக்குள் கொள்ளாமல்
அடுத்த நிரலுக்குள் போனது பெயர்.

அடுத்த நிரல்: காரணம்.
கலாநிதி சிவகடாட்சம் தோளுக்குப் பின்னால் நின்று
"கவனயீனம் எண்டு போடுங்கோ" என்றார்.
ஆருடைய கவனயீனம் என்று அவர் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த முகவை என்னுடையது.
முந்தின நாள் ஐந்து மணி பஸ்ஸுக்காக
நைத்திரிக்கமிலத்தை அப்படியே வைத்துவிட்டு
நாளைக்கு ஒட்டலாம் என்று
லேபலை லாச்சிக்குள் போட்டுப் போனேன்.
ஒட்டியிருந்தாலும் ஆங்கிலத்தில்தான் ஒட்டியிருப்பேன்.
எனக்கு அமிலம். அவளுக்கு அம்ல.
வால் மட்டும் வேறான ஒரே சொல்.
எந்த வாலோடும் அந்தக் கண்ணாடியில் அது இருக்கவில்லை.

பேனை முதலில் பிடிக்கவில்லை. உதறினேன்.
லேபல் இல்லை. வைத்தது நான்.
முழுப் பெயர், கையொப்பம்.
கலாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.

மாதக் கடைசியில் அட்டவணை.
இருபத்தாறு கட்டம் வெறுமை.
"போன வருஷச் சராசரியைப் போட்டா ஆருக்குத் தெரியும்?"
என்றது ஒரு குரல். என் குரலாகவும் இருக்கலாம்.
ஸுமையா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
வெறுமைக்குக் கீழே, சிறிய எழுத்தில்,
ஏற்கனவே அடித்து வைத்திருந்தாள்:
மாதிரிகள் 1 முதல் 26 வரை அளக்கப்படவில்லை.
ஒரு கையில் ஊற்றப்பட்டன.

நேற்று மறுபடி இறக்கக்கண்டிக்குப் போனோம்.
தோட்டக்காரர் கயிற்றைப் பிரித்தபடி கேட்டார்:
"போன தரம் கொண்டுபோன தண்ணி
குடிக்கலாமாமோ, பிள்ளையள்?"
இன்னும் தெரியாது என்றேன்.
முழுக்கதையையும் சொன்னேன், லாச்சிக்குள் இருந்த லேபல் வரைக்கும்.
அவர் குறுக்கே கேட்டது ஒன்றுதான்:
"கை இப்ப எப்பிடி?"

சுண்டுவிரல் இன்னும் மடங்கேல்லை என்றேன்.
கீழே, வாளி தண்ணீரைத் தொட்டது.