முந்திய வாசிப்பு

ஊரார் வீட்டு மானி வாசிக்கிறவள் நான்.
கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய்.
குழாய்க்குள் ஓடிய தண்ணிக் கணக்கைக்
குனிந்து குனிந்து எழுதிப் பதினெட்டு வருசம்.

போன தையில் பேனை விழுந்தது.
சின்ன விரலும் அதற்கடுத்ததும்
ஆரோ இரவல் வாங்கிப் போனமாதிரி
கையில் இருந்தும் இல்லை.
முழங்கால் நோவைச் சொன்னால்
"வயசுதானே கா" என்பாள் கந்தோரில் குணவதி.
எனக்கு நாற்பத்து மூன்று.

அரசடியில் சிபானாவின் அறை.
பின்சில்லை இரும்புக் காலில் தூக்கி நிறுத்தி
"மிதிங்க" என்றாள்.
போகாத சைக்கிளில்
சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி
அரைக்கட்டை தூரம் போயிருப்பேன்.
அவள் தரையில் குந்தி
என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பால் பொங்கக் காத்திருப்பவள்போல.

மறுகா கதிரையில் பஞ்சு மட்டை.
"இருங்க. எழும்புங்க."
இரண்டு குழி.
என் இடுப்பெலும்புகள்
முதன்முறை கையெழுத்துப் போட்டிருந்தன.
அடிமட்டம் வைத்தாள்: நூற்று நாற்பத்தொன்று.
"இந்தச் சீற் உங்களுக்கில்ல, வேற ஆருக்கோ."
ஓம், தம்பிக்கு வாங்கின சைக்கிள்.
அவன் கட்டாரில்.

முழங்கால் சிரட்டையில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டாள்.
நுனியில் ஈயக்குண்டு.
"வாப்பாட வலையில அறுத்தது" என்று சிரித்தாள்.
குண்டு பெடல் அச்சைத் தாண்டி
முன்னுக்குப் போய் ஆடியது.

கட்டிலில் படுக்கவைத்துக் காலை அளந்தபோது
இடது கால் ஆறு மில்லிமீட்டர் கட்டை.
"ஷெல்லா?" குரல் தாழ்ந்திருந்தது.
இல்லை. ஜம்பு மரம்.
பத்து வயசில், பக்கத்து வளவில், களவுக்கு ஏறி.
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
அளவுநாடா சுருண்டு தன் கூட்டுக்குள் ஓடிவிட்டது.

சிரித்த வாய் மூடாமல்தான் கேட்டாள்:
"அப்ப, சீற்ற ஏன் இவ்வளவு பதிச்சு வச்சீங்க?"

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று.
அந்தப் பக்கம் ஒன்று.
மணல் மூட்டைக்கு முன்னால்
இறங்கு, உருட்டு, காட்டு, ஏறு.
சொன்ன உடனே இரண்டு காலும்
நிலத்தில் முட்டவேணும்.
இரவல் சாவியால் நான்தான் இறக்கினேன்.
மூட்டைகள் போய் எத்தனை மாரி போயிற்று.

"ஆணி இறுகிப்போச்சு" என்றேன்.

மண்ணெண்ணெய் விட்டாள். தட்டினாள். திருகினாள்.
ஒரு முனகலோடு தண்டு மேலே வந்தது,
துருவும் ஈரமுமாய்.
தம்பி வைத்த உயரத்தின் கீறல்கூட
வெளியே வந்தது.
அதற்கு ஒரு விரல் கீழே நிறுத்தினாள்.
பின்னுக்கு ஒள்ளுப்பம் தள்ளினாள்.
ஹாண்டிலை உயர்த்தி
இடது செருப்பின் அடியில் றப்பர் தகடு ஒட்டினாள்,
ஆறு மில்லிமீட்டர்.
ஜம்பு மரத்துக் கடன் அடைந்தது.

அகலச் சீற்றோடு ஆறாயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறு குறைக்கப் பார்த்தேன்.
முந்நூறு குறைத்தாள்.

ஒரு மட்டையில் எல்லாம் எழுதித் தந்தாள்:
வில்வரெத்தினம் தவராணி,
தொடை, இடுப்பு, தோள், கை.
மாதம் அறுநூறு வீட்டுக்கு
நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு மாதிரியே இருந்தது.
முந்திய வாசிப்பு என்றொரு கட்டம் இருந்திருந்தால்
அது வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

பின்னேரம் பாலத்தில்
கச்சான் விலாவில் இடித்தது.
விரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.
"ரெண்டு கிழமை பாருங்க" என்றிருந்தாள்.
ஆனால் கால், முதல்தரமாக
ஒரு வட்டத்தை முழுசாகச் சுற்றி முடித்தது.
வாவி வழமையைவிடக் கீழே தெரிந்தது.

நாவற்குடாச் சந்தியில் நிற்கப் போனேன்.
கால் நிலத்தைத் தேடியது.
இருந்த இடத்தில் நிலம் இல்லை.
நெஞ்சு பக்கென்றது.
பிறகு பெருவிரல் நுனி
எங்கேயோ ஆழத்தில் தாரைத் தொட்டது.
பின்னால் ஆட்டோக்காரன் ஹோன் அடித்தான்.
அடையாள அட்டைக்குக் கை
பையை நோக்கி ஒருதரம் போய்
திரும்பி வந்து மணியை அடித்தது.
மிதித்தேன்.