றம்பொடை இறக்கத்தில் இரண்டு கமரா

முதலாளி இரண்டு கமரா தந்தார்,
பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரனோடு பேச்சு.
கிழமை முடியுமுன் எது நல்லதென்று நான் சொல்லவேண்டும்.
வரிப்பத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
நடுவில் பிள்ளையார்,
தனக்கு எதற்கு இத்தனை காவல் என்பதுபோல்.

இடப்பக்கம் விலை கூடினது.
வலப்பக்கம் மலிவு, வெயில் பட்டால் பிசின் இளகித்
தலையைத் தொங்கப்போடும்.

கரட்டும் லீக்ஸும் ஏற்றி விடிய மூன்றுக்கு
நுவரெலியாவை விட்டால் லபுக்கலை வரை மூடுபனி.
லைட்டைக் கூட்டினால் பனிதான் கூடும்.
எந்த டிரைவருக்கும் தெரிந்த இது
கமராவுக்குத் தெரியவில்லை.
ஓட்டோவில் விட்டால் ரோட்டையே காணோம்,
பால் கொதித்து வழிந்த அடுப்பு மாதிரி திரை.

பஸ்மியின் கடையில் போட்டுப் பார்த்தோம்.
மைனஸ் இரண்டு வை என்றான்.
முன்னால் போன பஸ்ஸின் இலக்கம்
கல்லில் வெட்டினாற்போல் வந்தது.
ரோட்டோரம் நின்றவர்கள் கரி.
பிளஸ் ஒன்று வைத்தால் ஆட்கள் வருகிறார்கள்,
படங்கின் மடிப்பு, செருப்பு வார், கொட்டாவி எல்லாம்;
இலக்கத்தகடு வெறும் வெளிச்சக் கட்டி.
இரண்டையும் சேர்த்துக் காட்டாதா என்றேன்.
"அந்த விலைக்கு உன் முதலாளி லொறியே வாங்குவாரு.
கோட்டுல நம்பரத்தான் கேப்பாங்க,
மூஞ்சிய எவன் கேக்கிறான்?"

சுரங்கத்தில் மட்டும் வித்தியாசமில்லை.
உள்ளே நுழைந்ததும் இரண்டும் கண்ணைத் தேடும், நானும் தேடுவேன்.
வெளியே வரும்போது ஒரு செக்கன்
மூவருக்கும் வெள்ளை.
விலை கூடினது கொஞ்சம் முந்தித் தெளியும்.
நான் கடைசி.

வியாழன் பின்னேரம், வெறும் கூடைகளோடு ஏறி வருகிறேன்.
ஐந்தாம் வளைவில் விறகுக்கட்டோடு ஒருத்தி
பனிக்குள்ளிருந்து ரோட்டுக்கு இறங்கினாள்.
பிரேக்கை மிதித்தது கால்தான், நானில்லை.
கூடைகள் முன்னுக்கு வந்து முட்டின.
கண்ணைத் திறந்தபோது பனி மட்டும்.
கதவைத் திறந்து கூப்பிட்டேன்,
கீழே ஆறுதான் பதில் சொன்னது.

அன்றிரவு லொறிக்குள்ளேயே போனில் போட்டுப் பார்த்தேன்.
விலை கூடினது மைனஸ் இரண்டில் இருந்தது:
எதிரே தூரத்தில் நின்ற வேனின் இலக்கம் சுத்தமாக.
நடுவில் ஒரு கறுப்பு, மரம் என்றால் மரம்.
மலிவை நான் பிளஸ் ஒன்றில் மறந்து விட்டிருக்கிறேன்.
பாதி வெளிறிப்போன அந்தப் படத்தில்
அவள் கட்டைப் போடவில்லை.
ஒரு கை தலையில் கட்டைப் பிடித்திருக்க
மற்றக் கை என் பக்கம் எழும்பி நிற்கிறது.
நில் என்றா, போ என்றா, நாசமாய்ப் போ என்றா,
எட்டுத் தடவை பார்த்தும் விளங்கவில்லை.
நான் கண்ணை மூடிய நேரத்தில்
அவள் மூடவில்லை,
அது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை முதலாளி கேட்டார்.
இலக்கத்துக்கு இது, ஆளுக்கு அது என்றேன்.
"ஆள் என்னத்துக்கு?"
வாயில் வந்தது எதுவும் சொல்லும்படியாக இல்லை.
மலிவானது போதும் என்றேன்,
காசு மிச்சம் என்றதும் முகம் மலர்ந்தார்.
மைனஸில் வைத்துக்கொள் என்றார். சரி என்றேன்.

மோதினால்தான் இந்தப் பெட்டிக்கு ஞாபகம்.
மோதாததை மூன்று நாளில் அழித்து
மேலே புது ரோட்டை எழுதிவிடும்.
அந்த எட்டு செக்கனை நான் பூட்டி வைக்கவில்லை,
பட்டன் எதுவென்று தெரிந்திருந்தும்.

லபுக்கலை தாண்டியதும்
விரல் தானாகப் போய்
ஒரு புள்ளி கூட்டி வைக்கிறது.
கம்பளைக்கு முன்னால் குறைத்துவிடுவேன்.