கத்தரிப்பூ அடுக்கு

விளக்குத்தூண் பக்கம் நின்று அண்ணாந்தால்
மூன்றாம் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பேர்.
இடமிருந்து இரண்டாவது நான்.
காலை ஒன்பதரைக்கு நின்றால்
இரவு ஒன்பதரை வரை நிற்பேன்.

உட்காரலாம் என்று சட்டம் வந்த வருஷம்
முதலாளி நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.
அவற்றில் இப்போது
அட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் புத்தகம் இருப்பது
பதினோராம் அலமாரி, கீழிருந்து மூன்றாம் தட்டு,
யாரும் கேட்காத கத்தரிப்பூ நிறத்து அடுக்கில்
ஆறாவது சேலைக்கும் ஏழாவதுக்கும் நடுவே.
ஒரு தூணின் தயவால்
கேமரா அந்த மூலையைப் பார்ப்பதில்லை.

நடைபாதைக் கடையில் எடைக்கு வாங்கி வந்தவள் மெகருன்னிசா.
அட்டையில் சிறகு விரித்த டிராகன்,
அதன் வாலில் யாரோ வைத்த டீ டம்ளரின் வட்டம்.
முதல் பாகம் கிடைக்கவில்லை.
இரண்டில் தொடங்கினோம்,
பாதியில் ஏறிய பஸ்ஸைப் போல.

கதையை வாயால் சொல்லக்கூடாது.
சிபாரிசு மட்டும் எழுதலாம்,
விலைச்சீட்டின் பின்பக்கத்தில்.

ஜெபமலர் எழுதியது:
முதல் நாப்பது பக்கம் மலைப் பேரும் ஆத்துப் பேருமா வரும்.
மனப்பாடம் பண்ணாதே, தள்ளு.

சுருளியம்மாள்:
குதிரைக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமாப் படி.

மெகருன்னிசா:
212ஆம் பக்கத்தை பஸ்ஸில் எடுக்காதே.
நான் கோரிப்பாளையத்தைத் தாண்டிப் போய்ட்டேன்.

பில் போடும் கதிரேசன் ஒருநாள் கேட்டான்,
"பொம்பளைங்களுக்கு எதுக்குங்க டிராகன் கதை?
கோலப் புத்தகம் படிக்கலாம்ல."

"நீ என்ன மீசை வளர்க்கிற புத்தகமா படிக்கிற?" என்றாள் சுருளி.

ஜெபமலர் மட்டும் நிஜமாகவே யோசித்தாள்.
அந்த ஊரில்
எட்டு மணிக்கு மேல் எங்கே போனாய் என்று
வாசல் காக்கும் பூதம் மட்டும்தான் கேட்கிறது.
அதற்கும் ஒரு விடுகதைக்கு விடை சொன்னால் போதும்.

சாபம் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரிகிறது,
பெயர் தெரிந்தால் போய்ச் சண்டை போடலாம், இது மெகருன்னிசா.
சொல்லிவிட்டு
மடித்த சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நான் வாய் திறக்கவில்லை.
எனக்குப் பிடித்தது போரும் இல்லை மந்திரமும் இல்லை.
அவள் உட்கார்ந்திருக்கிறாள்.
டிராகனின் பிடரியில்,
ஐந்து ராஜ்ஜியம் தாண்டும்வரை,
முழுசாக எழுபது பக்கம்,
காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்திய ஞாயிறு.
திருமங்கலத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம்.
எதிலும் மனசு நிற்காத பெண்ணின் சித்தி
தலையைச் சாய்த்து, "அந்தக் கத்தரிப்பூவ எடும்மா" என்றாள்.

"அது பழைய ஸ்டாக்குங்கம்மா."
"பரவால்ல, எடு."

அடுக்கு சரிந்தது.
வெள்ளை விரிப்பில், எல்லார் கண்ணுக்கும் நேராக,
டிராகன் மல்லாக்க விழுந்தது.
படியில் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம்.

அவள் அதை எடுத்து மடியில் வைத்தாள்.
மேலே ஒரு சேலையை விரித்துக்கொண்டு
கரையை இழை இழையாகப் பார்த்தாள்,
அவர் நின்று, பார்த்து, போகிறவரை.

பிறகு என் பக்கம் குனிந்து, மெல்ல,
"அஞ்சாம் பாகத்தோட நிறுத்திக்கங்க.
ஆறுல அவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க.
டிராகன் கொல்லையில கட்டிக் கிடக்கு."

மணப்பெண் அந்தப் பக்கம் கண்ணாடி முன்னால்
அரக்குச் சிவப்பைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.
சித்தி கத்தரிப்பூவில் மூன்று எடுத்தாள்.
புத்தகத்தை நாலாவதுக்குள் சொருகித் தந்தாள்.

பஸ்ஸில் இடமில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் நின்றோம்.
தெப்பக்குளம் வந்தபோது சுருளி சொன்னாள்,
"ஆறாம் பாகத்தைத் தேடணும்டி.
கட்டிக் கிடந்தா
யாராச்சும் அவுத்துவிட வேணாமா?"

ராத்திரி விலைச்சீட்டில் எழுதிவைத்தேன்,
காலை ஷிப்ட்டுக்காக:
கத்தரிப்பூ விற்கிறது. ஜாக்கிரதை.
நாளையிலிருந்து பாசிப்பச்சை,
எட்டாவது சேலைக்குக் கீழே.