உதட்டுக்குள் பாடுதல்

முதலில் கடிதம் வந்தது.
பிறகு இரண்டு பொலிஸ்காரர்,
சப்பாத்தோடு பாய்மேல் நின்று
"பதிவு எங்கே?" என்றார்கள்.
பிறகு ஒரு புதன் இரவு
தகரக் கூரையில் கல்.

கொட்டாஞ்சேனையில்
டயர் கடைக்கு மேலே எங்கள் சபை.
நாற்பத்தொரு கதிரைகள்.
ஒக்டோபர் முடிவதற்குள்
பதினெட்டில்தான் ஆள் இருந்தது.
போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
டெரன்ஸ் அண்ணனுக்கு அரசாங்க உத்தியோகம்.
மெரில்டாவின் மகனுக்குப் பள்ளிக்கூட அனுமதி.
நானும் போயிருப்பேன்.
சாவி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன்:
அதற்கு முன் பன்னிரண்டு வருடம்
தம்புரு தட்டித் தட்டி
தெரு முனைவரை கேட்கப் பாடியவள் நான்.
வாய் அல்லேலூயா சொல்லும்,
மனம் சீட்டுக்காசை எண்ணும்.
அந்தச் சத்தத்துக்குள்
நான் ஒளிந்திருந்தது
எனக்கே தெரியாது.

"சத்தம் கேட்டால் பூட்டுவோம்" என்றபின்
ஜன்னலுக்குப் பழைய மெத்தை சாத்தி,
வேர்வையில் ஊறி,
உதட்டுக்குள் பாடினோம்.
அப்போதுதான் காதில் விழுந்தது
பக்கத்துக் கதிரையில்
சில்வெஸ்டர் ஐயாவின் மூச்சு.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நெஞ்சு;
ஒவ்வொரு அடியிலும் ஒருதரம் தடக்கும்.
'என் பெலனே' என்ற இடத்தில்
அவர் பாடவில்லை,
கேட்டார்.
கேட்பவருக்குப் பக்கத்தில் இருந்து
நானும் முதல்முறை கேட்டேன்.

கல் இன்னும் இருக்கிறது.
மூலைக்கல் என்று பிரசங்கம் தொடங்கினார் பாஸ்டர்.
வேண்டாம் பாஸ்டர், அது வெறும் கல்.
விசிறிக் காற்றில் பாட்டுத்தாள் பறக்காதிருக்க
வைத்திருக்கிறேன்.

அது துளைத்த ஓட்டையால்
மழைக்கு ஒழுகுகிறது. வாளி வைக்கிறோம்.
ஜெபத்தில் எல்லோரும் அடங்கும்போது
டொக், டொக் என்று
அது மட்டும் ஒருவருக்கும் பயப்படாமல்
சத்தம் போடுகிறது.

எறிந்தவன் யாரென்று தெரியும்.
சனிக்கிழமை பேக்கரியில்
எனக்கு முன்னால் நின்றான்.
மீதிக்காசை எண்ணினான், மறுபடி எண்ணினான்,
என் பக்கம் திரும்பவில்லை.
மன்னித்தேன் என்று சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.
வராததையும் ஜெபத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் வாங்கிப் போன
அதே சூட்டுத் தட்டிலிருந்து எடுத்த பாண்தான்
ஞாயிறு காலை
பதினெட்டுப் பேரும் பிட்டது.