ஒரு வாஷர் மிச்சம்

கொஹுவலையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ்
பன்னிரண்டு மாரி நனைந்து நின்ற ஹொண்டாவை
அறுபத்தையாயிரத்துக்கு வாங்கி
த்ரீவீலின் பின்னால் கயிறு கட்டி
வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன்.
ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
சீற்றுக்குள்ளிருந்து எறும்புகள்
பாமன்கடைப் பாலம்வரை
ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின.

கார் இல்லாதவளுக்கும்
கார் நிறுத்த ஒரு கட்டம் உண்டு எங்கள் தொடர்மாடியில்.
ஏழாம் இலக்கக் கட்டத்தில்
பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன்.
கழற்றுவது சுகம்.
ஒரு சனிக்கிழமை போதும்.
ஆணிகளைத் தயிர்ச்சட்டிகளில் போட்டு
ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.
சட்டி காணாமல்
கிழமை முழுக்க இராச்சாப்பாடு தயிர்தான்.

போனில் ஒரு இந்தோனேசியப் பையன்
இதே மொடலைக் கழற்றிக் காட்டுகிறான்.
அவன் பாஷை ஒரு சொல்லும் தெரியாது.
ஆனால் சைலன்சர் போல்ட்டின் தலை
கையோடு முறிந்து வந்தபோது
அவன் விட்ட மூச்சு விளங்கியது.
அடுத்த ஞாயிறு
அதே மூச்சை நானும் விட்டேன்.
இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரி என்று நினைத்தேனே,
அந்தக் கொஞ்சம்.

பஞ்சிகாவத்தையில் ஜிஃப்ரி நானா
"யாருக்கு மிஸ் சாமான்?" என்றார்.
எனக்கு என்றேன்.
என் நகங்களைப் பார்த்தார்.
பிறகு விலையில் இருநூறு குறைத்தார்.
கேஸ்கட் பிழையானது.
திரும்பவும் போனேன். அதுவும் பிழை.
மூன்றாம் முறை, நான் கேட்காமலே
கதிரையை இழுத்துப் போட்டார்.

கடல் இருநூறு யார் தூரம்.
நான் பகலில் தேய்த்தெடுக்கும் துருவை
இரவில் அது திரும்பப் பூசுகிறது.
காபரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு
ஜெட்டின் கண்ணைக் கிற்றார்க் கம்பியால் குத்தி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
ஒரு ஊசிமுனை ஆகாயம்.
அன்று வேறொன்றும் செய்யவில்லை.

பின் தகட்டைச் சுரண்டியபோது
இலக்கங்களுக்கு நடுவே அந்த ஸ்ரீ தெரிந்தது.
தார் பூசி அழித்த காலமொன்று இருந்ததாம்.
அப்பா கண்டால் ஒரு கதை தொடங்குவார்,
முடிக்க மாட்டார்.
ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தேன்.
பொலிஷ் போடவில்லை.

நான்காம் மாடி திருமதி நடனசபேசன்
பெற்றோல் மணம் பற்றி
குடியிருப்பாளர் சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தார்.
இரண்டும் நல்ல தமிழ்.

மாசிப் போயா நாள்.
கடைகள் பூட்டு, ஒழுங்கையில் சத்தமில்லை.
நானும் பூட்டி முடித்திருந்தேன்.
நாற்பது உதை.
பிறகுதான் பார்த்தேன், பெற்றோல் குழாய் மூடியபடி.
திறந்து
நாற்பத்தோராவது.

பற்றியது!
இருமியது, கறுப்பாய்த் துப்பியது,
என் நெஞ்சுக்கூடு முழுக்க அதன் சத்தம்.
கியரில் கிடந்தது தெரியாமல்
கிளச்சை விட்டேன்.
பாய்ந்து போய்
தண்ணீர்த் தாங்கிச் சுவரில் முட்டி நின்றது.
ஹெட்லைட் கண்ணாடி நொறுங்கியது.
வாங்கிய நாளிலிருந்து
முழுதாய் இருந்த ஒரே சாமான் அது.

மேலே பல்கனிக் கதவு திறந்தது.
ஏச்சுக்குக் காத்திருந்தேன்.
"பத்திட்டுதா பிள்ளை?"
"ஓம் அன்ரி. ஒருக்கா."
"ம்" என்று கதவு மூடியது.

கண்ணாடி பொறுக்கும்போது
முழங்காலின் கீழ் ஏதோ உறுத்தியது.
ஒரு வாஷர்.
எந்தச் சட்டியிலும் இல்லாத வாஷர்.
எங்கேயோ ஓரிடத்தில்
இது இல்லாமலே
பதினொரு செக்கன் ஓடியிருக்கிறது.

நாளைக்குத் திரும்பவும் கழற்ற வேண்டும்.
ஃப்ரிட்ஜில் ஒரு சட்டி இருக்கிறது,
பாதித் தயிரோடு.